வெட்டு எல்லை

எங்கள் வீட்டில் அட்டைப்பெட்டிகளைத் தூக்கிப் போடுவதில்லை. குடிவந்த வாரத்திலேயே பிரித்து, தட்டையாக மடித்து, படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் சொருகிவிடுவோம். பெட்டிகளின்மேல் மகள் சின்ன வயதில் கோணல்மாணலாக எழுதியது அப்படியே இருக்கும்: 'பாத்திரம்', 'அப்பா சட்டை', 'அம்மா புத்தகம்', 'தொடாதே'. வருகிறவர்கள் யாராவது எட்டிப் பார்த்து, எதற்கு இந்தக் குப்பை என்று கேட்டால், என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "எங்க வீட்டுச் சொத்தே அதுதாங்க" என்பார்.

காரணம் என் வேலை. நான் இயற்பியலில் ஆராய்ச்சி செய்கிறவள். கேட்கிறவர்கள் "ஓகோ, பெரிய வேலை" என்பார்கள். பெரிய வேலைதான், ஆனால் நிலையில்லாத வேலை. ஒப்பந்தம் முடிந்தால் மூட்டையைக் கட்ட வேண்டும். இது மூன்றாவது ஊர். நாற்பதைத் தாண்டிய பிறகும் என் அடையாள அட்டையில் 'இளம் ஆய்வாளர்' என்றுதான் போட்டிருக்கிறார்கள். அந்த 'இளம்' கண்ணில் படும்போதெல்லாம் எனக்கு முழங்கால் வலிக்கிறது.

என்ன ஆராய்ச்சி என்பதைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நான் ஏன் அழுதேன் என்பது புரியாது. அணுக்கருவுக்குள் இருக்கும் துகள்களுக்கும் உள்ளே குவார்க்குகள் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி உடும்புப்பிடி. ஆனால் கன்னாபின்னாவென்று சூடாக்கினாலோ, அசுரத்தனமாக நசுக்கினாலோ அந்தப் பிடியும் தளர்ந்து எல்லாம் ஒரே குழம்பாகிவிடும். சூட்டினால் தளரும்போது மெல்ல மெல்லத் தளர்கிறது. நசுக்கித் தளர்த்தும்போது சட்டென்று மாறுகிறது என்று நினைக்கிறோம். மெல்ல மாறுவதற்கும் சட்டென்று மாறுவதற்கும் நடுவில் ஓர் இடம் இருக்க வேண்டுமல்லவா? அதுதான் மாறுநிலைப் புள்ளி. அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் பொருள் இரண்டுங்கெட்டானாக இருக்கும். லேசாகத் தொட்டால் ஓரிடத்தில் குவியும், இன்னோரிடத்தில் வெளிறும். அந்தப் புள்ளியை இதுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை. நாங்கள் கணக்குப் போட்டுத் தேடுகிறோம், அவ்வளவுதான்.

கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பொருள் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கிறது என்று முதலிலேயே வைத்துக்கொள்வார்கள். பிறகு அதை மொத்தமாக லேசாக அசைத்துப் பார்ப்பார்கள். திரும்பப் பழைய நிலைக்கே வந்தால், நிலையானது என்று எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். நான் மொத்தமாக அசைக்கவில்லை. இங்கே கொஞ்சம் ஏற்றி, அங்கே கொஞ்சம் இறக்கி, அலை அலையாக அசைத்துப் பார்த்தேன். மாறுநிலைப் புள்ளியை நெருங்க நெருங்க ஒரு குறிப்பிட்ட நீளமுள்ள அலை மட்டும் அடங்கவில்லை. தானாகவே வளர்ந்தது. அந்தப் பொருளுக்குச் சீராக இருப்பதில் விருப்பமில்லை, அடர்த்தியும் வெளிறலுமாக அடுக்கடுக்காக நிற்பதுதான் அதற்குச் சௌகரியம் என்று கணக்கு சொன்னது.

அதைப் பார்த்த அன்று நான் நாற்காலியை விட்டு எழுந்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு, யாருக்கும் தெரியாமல் ஒரு குதி குதித்தேன். முழங்கால் அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

குதித்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு நிரந்தர வேலை காலியாகியிருந்தது. கையில் கனமான ஒரு கண்டுபிடிப்போடு போனால் அது எனக்குத்தான் என்று தலைவர் ஏறத்தாழ வாய்விட்டே சொல்லியிருந்தார். தலைவர் என்றால் எங்கள் குழுவின் தலைவர். நல்ல மனிதர், எந்நேரமும் விமானத்தைப் பிடிக்க ஓடுகிறவர்போல் இருப்பார். அந்த வேலை கிடைத்தால் அட்டைப்பெட்டிகளுக்கு விடுதலை. வீட்டில் சொன்னேன். மகள் "நெஜமாவா?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் என் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினார்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்பார்வை சோதிக்கிறவர். ஒவ்வொரு ஊரிலும் அடிமட்டத்திலிருந்து தொடங்கினார். இந்த ஊரில்தான், "அவர் இருக்காரா? அவர்தான் பாக்கணும்" என்று ஆட்கள் கேட்டு வருகிறார்கள். மகளுக்கு இந்த ஊரில்தான் பள்ளிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும் பேசித் தீராத தோழிகள் கிடைத்திருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் அந்த அலையை அப்படிக் கட்டிக்கொண்டு அழுதேன்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் இருக்கிறது. கட்டுரையை வெளியே அனுப்புவதற்கு முன் குழுவில் ஒருவர் 'எதிரி'யாக உட்கார வேண்டும். எங்கள் கூட்ட அறையில் கை வைத்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான், அது எதிரிக்கு. எதிரி பாராட்டக் கூடாது, தலையாட்டக் கூடாது. ஒரு கேள்வியாவது கேட்டு நம்மை மடக்கப் பார்க்க வேண்டும். என் கட்டுரைக்கு எதிரியாகத் தலைவர் போட்டது நத்தையை.

நத்தை என்பது நான் வைத்த பெயர். சாப்பிடுவது, நடப்பது, கணினி நிரல் எழுதுவது எல்லாமே நிதானம். அவன் எனக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். எங்கள் இருவர் ஒப்பந்தமும் ஒரே சமயத்தில் முடிகின்றன. அந்த நிரந்தர வேலைக்கு அவனும் மனுப் போட்டிருந்தான். இதை நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. தண்ணீர் இயந்திரத்துக்கு முன்னால் சந்தித்தால் வானிலை பேசுவோம்.

கூட்டத்தில் நான் படங்களைக் காட்டி முடித்தேன். நத்தை கை நாற்காலியில் சாய்ந்து, தாடையைத் தடவிக்கொண்டு, ஊரே தூங்கி எழுகிற அளவுக்கு யோசித்தான்.

"வெட்டு எல்லையை நகர்த்திப் பாத்தியா?" என்றான்.

வெட்டு எல்லை என்பது எங்கள் கணக்கில் நாங்களே போடும் கோடு. அளவுக்கு மீறிய நுணுக்கத்துக்குப் போனால் எங்கள் சமன்பாடு பொருளற்றுப் போகும். அதனால் இந்த அளவைவிடச் சின்னதாக எதையும் பார்க்கப் போவதில்லை என்று ஓரிடத்தில் வெட்டிவிடுவோம். இயற்கைக்கு அந்தக் கோடு தெரியாது. ஆகவே நல்ல முடிவு என்றால், கோட்டை நகர்த்தினாலும் அது அப்படியே நிற்க வேண்டும். கோட்டோடு சேர்ந்து நகர்ந்தால் அது பொருளின் குணமில்லை, எங்கள் கத்தரிக்கோல் போட்ட தழும்பு. முதல் வருடத்து மாணவனுக்குக்கூட இது தெரியும்.

நான் நகர்த்திப் பார்க்கவில்லை. வேலையின் தொடக்கத்தில், மாறுநிலைப் புள்ளிக்கு வெகுதூரத்தில் ஒருமுறை பார்த்திருந்தேன், அங்கே எதுவும் அசையவில்லை. புள்ளிக்குப் பக்கத்தில் பார்ப்பதென்றால் கணினி வாரக்கணக்கில் ஓட வேண்டும். எங்கள் துறையில் ஒரு பேச்சு உண்டு: மாறுநிலைப் புள்ளிக்கு அருகே சில்லறை விவரங்கள் எல்லாம் மறந்துபோகும், பெரிய சங்கதிதான் நிற்கும் என்று. அது சில கேள்விகளுக்கு உண்மை. அந்தப் பேச்சின் நிழலில் நான் சுகமாகப் படுத்துக்கொண்டேன்.

"புள்ளிக்குப் பக்கத்துல அதெல்லாம் கணக்கே இல்லன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"புள்ளியோட குணத்துக்குச் சரி. அலை எங்க ஆரம்பிக்குதுங்கறதுக்கும் அது சரியா?"

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல கேள்விதான். ஆனா அவங்க சொல்றதும் ஞாயம். கட்டுரை போகட்டும், அதை அப்புறம் பாத்துக்கலாம்" என்று முடித்துவிட்டார். கேள்வி அங்கேயே மூடப்பட்டது. அனுப்பு என்று எனக்கு அனுமதியும் கிடைத்துவிட்டது.

நான் அனுப்பவில்லை. நேர்மையால் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எரிச்சல்தான். எனக்கு வரப்போகிற வேலைமேல் கண் வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் என்னை மடக்கப் பார்த்தானே, அவன் வாயை அடைக்க வேண்டும் என்றுதான் கணினியில் அந்தக் கணக்கை ஏற்றினேன். கட்டுரையில் கடைசி மெருகு பாக்கி இருக்கிறது என்று தலைவரிடம் ஒரு சாக்குச் சொல்லி வைத்தேன்.

கணக்கு ஓடிக்கொண்டிருந்த அந்த வாரங்களில் நான் வீட்டில் இருந்தேனே தவிர வீட்டில் இல்லை. ஒருநாள் மாலை வந்து பார்க்கும்போது மகளின் அறைச் சுவரில் ஒரு பலகை அலமாரி ஏறியிருந்தது. என் வீட்டுக்காரர் ஏணிமேல் நின்று திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தார். கீழே மகள் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் எடது பக்கம்ப்பா" என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள். இதற்கு முன் இருந்த வீடுகளில் நாங்கள் சுவரில் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. நாள்காட்டியைக்கூட ஒட்டும் டேப்பில்தான் தொங்கவிடுவோம்.

"வீட்டு ஓனரம்மா கத்தப் போறாங்க" என்றேன்.

"கேட்டுட்டுத்தான் அடிக்கறேன்" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

நல்லது என்று சொல்லிவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன்.

முடிவு ஒரு மத்தியானம் வந்தது. சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்கவில்லை. வெட்டு எல்லையை ஒரு பங்கு நகர்த்தியிருந்தேன், அலையின் நீளம் அதே பங்கு குறைந்திருந்தது. இன்னும் நகர்த்திய இடத்தில் இன்னும் குறைந்திருந்தது. கடைசிப் படத்தில் அலையே இல்லை. அசைத்த அசைவெல்லாம் அடங்கி, பொருள் சமர்த்தாகச் சீராக நின்றது. அச்சுப் பிழையாக இருக்குமோ என்று எண்களைத் தடவித் தடவிப் பார்த்தேன். நிரலில் குறி மாறிப் போட்டிருப்பேனோ என்று தேடினேன். என் வாழ்க்கையிலேயே ஒரு தவறு கிடைக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசையாகத் தேடியது அப்போதுதான். எல்லாம் சரியாகவே இருந்தது. நான் கொண்டாடியது பொருளின் அலையை அல்ல, என் கத்தரிக்கோலை.

அந்தப் படங்களை நான் மட்டும்தான் பார்த்திருந்தேன். கட்டுரையை அனுப்பியிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். வேறு யாராவது கண்டுபிடிக்க ஒன்றிரண்டு வருடம் ஆகும். அதற்குள் நான் நிரந்தரம். இது எனக்குத் தோன்றாமல் இல்லை. நன்றாகவே தோன்றியது. டப்பாவைத் திறந்து ஆறிப்போன சாப்பாட்டைத் தின்றுகொண்டே அதை யோசித்தேன். ஆனால் அந்த வேலையில் இருந்துகொண்டு தினமும் காலையில் எழுந்து, இல்லாத அலைக்கு அடுத்தடுத்துக் கட்டுரை எழுத வேண்டும். அதற்குத் தெம்பு வேண்டும். எனக்கு அந்தத் தெம்பு இல்லை. களைத்துப்போனவர்களால் பொய்யைக்கூடக் கட்டிக் காப்பாற்ற முடியாது.

தலைவர் அறைக்குப் போய்ப் படங்களை மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத இப்ப ஏம்மா பாத்தீங்க?" என்றார். திட்டவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"பாத்துட்டேன் சார்."

"செலக்‌ஷன் கமிட்டி முன்னாடி வைக்க எங்கிட்ட வேற ஒண்ணும் இல்லையே."

"தெரியும் சார்."

அவர் படங்களை ஒழுங்காக அடுக்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நான் வெளியே வரும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

தண்ணீர் இயந்திரத்துக்கு முன்னால் நத்தை நின்றான். அன்று வானிலை பேச எனக்கு மனமில்லை. "நகர்த்திப் பாத்தேன். போயிடுச்சு" என்றேன். அவன் கையிலிருந்த கோப்பை நிரம்பி வழிந்து காலில் கொட்டியது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"பாத்ததே இல்லையா நீ?" என்றான்.

"இல்ல. அதனாலதான கேட்ட?"

"ஐயோ, இல்ல." அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "எதிரின்னா ஒரு கேள்வியாவது கேக்கணும். நீ கண்டிப்பா பாத்து வச்சிருப்பே, டக்குன்னு படத்தைப் போட்டு என் மூக்கை ஒடைப்பேன்னு நெனச்சுத்தான் அதைக் கேட்டேன். இருக்கறதுலயே சுலபமான கேள்வி அதுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புதான் என்று நினைத்து வாயைத் திறந்தால் அழுகை வந்தது. எதிரி என்று நினைத்தவன் எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறான். அவனைக் கரித்துக்கொட்டிய வாரங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. நத்தை சட்டைப்பையைத் தடவி, கைக்குட்டை இல்லாமல், தண்ணீர் இயந்திரத்தின்மேல் இருந்த காகிதத் துண்டை எடுத்து நீட்டினான்.

"வேலை ஒனக்கு வந்தா எடுத்துக்கோ. தியாகி வேஷமெல்லாம் போடாதே" என்றேன்.

"போட மாட்டேன்" என்றான். அவனும் களைத்துப்போனவன்தானே.

அன்று சாயங்காலம் சீக்கிரமாகவே வீட்டுக்குப் போய்விட்டேன். மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்திருந்தோம். நடந்ததைச் சொன்னேன். வெட்டு எல்லை, கத்தரிக்கோல், நத்தை எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, பழைய குழுவில் இருந்த தோழி வேறோர் ஊரில் ஓர் இடம் இருப்பதாக எழுதியிருக்கிறாள், அதுவும் ஒப்பந்தம்தான், ஆனால் பரவாயில்லை என்றேன். "என்ன சொல்றீங்க, போகலாமா?"

இதற்கு முன் இரண்டு முறை இதே கேள்வியை இதே மேசையில் கேட்டிருக்கிறேன். மேசையும் எங்களோடு ஊர் ஊராக வருவதுதான். இரண்டு முறையும் என் வீட்டுக்காரர் "சரி" என்றார். அவரைப் பார்த்து மகளும் "சரிம்மா" என்றாள். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். இந்த முறை வரவில்லை. மகள் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். அவர் தண்ணீர்க் குவளையை இடம் மாற்றி வைத்தார்.

நான் எழுந்தேன். "சரி, பெட்டி எல்லாம் எந்த நெலமைல இருக்குன்னு பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டு படுக்கையறைக்குப் போனேன். கைக்கு ஏதாவது வேலை கொடுத்தால் போதும் என்றிருந்தது. அலமாரிக்குப் பின்னால் கையை விட்டேன். தூசிதான் கிடைத்தது. இன்னும் உள்ளே விட்டேன். ஒரே ஒரு அட்டை தட்டுப்பட்டது. இழுத்தேன். 'அம்மா புத்தகம்.'

அவர் வாசற்படியில் வந்து நின்றார்.

"மாடி வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டுப் போனாங்கல்ல, அப்பக் கேட்டாங்க. குடுத்துட்டேன்" என்றார்.

"எல்லாத்தையுமா?"

"அதை மட்டும் வச்சிருக்கேன்."

இந்த இடத்தில் என் ஆராய்ச்சியிலிருந்து ஓர் உவமை வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. விரட்டிவிட்டேன். எனக்கு அப்போது வேண்டியிருந்தது உட்கார ஓர் இடம். கட்டில் ஓரத்தில் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"எனக்கு அந்த வேலை கெடைக்காதுன்னு அப்பவே தெரியுமா ஒங்களுக்கு?"

"அது எனக்கெப்படித் தெரியும்? கெடைச்சா பெட்டியே தேவையில்ல. கெடைக்கலன்னா..." கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். "இந்தத் தடவ நீ போயிட்டு வா. நாங்க இங்கயே இருக்கோம்."

"எப்ப முடிவு பண்ணீங்க?"

"முடிவெல்லாம் இல்ல. நீ எப்பவும் எங்க ரெண்டு பேரையும் சேத்து ஒக்கார வச்சுக் கேப்ப. சேந்து ஒக்காந்தா யாருக்கு வேண்டாம்னு சொல்ல மனசு வரும்? அவ மூஞ்சியப் பாத்து நான் சரிம்பேன், என் மூஞ்சியப் பாத்து அவ சரிம்பா. அந்த அலமாரியை மாட்டின அன்னைக்கு அவகிட்டத் தனியாக் கேட்டேன், ஒனக்குப் போகணுமான்னு."

"என்ன சொன்னா?"

"ஏணியைப் பிடிச்சுக்கிட்டே அழுதா. அப்புறம் என்னைக் கேட்டா, ஒங்களுக்குப்பான்னு."

"நீங்க?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். ஊருக்கெல்லாம் பார்வை சரிபார்த்துச் சொல்கிறவர், அந்தக் கண்ணாடியில் எந்த அழுக்கைத் தேடினாரோ தெரியவில்லை.

கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. யார்மேல் கோபப்படுவது? யாரும் என்னை விட்டுவிடவில்லை. கூடவே வந்து வந்து அவர்களுக்குக் கால் வலித்திருக்கிறது, அவ்வளவுதான். அது எனக்கு வலிப்பதற்கு முன்னாலேயே வலிக்கத் தொடங்கியிருக்கிறது. எனக்கு அழுகையும் வரவில்லை, அதைத் தண்ணீர் இயந்திரத்தின் முன்னாலேயே செலவழித்துவிட்டேன். பயம் மட்டும் இருந்தது. போகப்போகும் ஊரில் தனியாக ஓர் அறைக்குள் நுழைந்து விளக்கைப் போடுவதை நினைத்துப் பயந்தேன்.

மகள் அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. என் மடியில் இருந்த அட்டையையும், அதில் தன் பழைய எழுத்தையும் பார்த்தாள்.

"எல்லாப் புத்தகத்தையும் எடுத்துட்டுப் போயிடுவியாம்மா?"

"ஒரு பெட்டிதான இருக்கு. எல்லாம் கொள்ளாது."

"அப்ப பாதியை இங்க வச்சிட்டுப் போ. என் அலமாரில எடம் இருக்கு." பிறகு, "லீவுக்கெல்லாம் வந்துடணும், சரியா?" என்றாள்.

இருவரும் வாசற்படியை அடைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார்கள். இருவரையும் பார்த்தபோது, வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனசு வரவில்லை.

"சரி" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்வது இவ்வளவு கஷ்டம் என்று, அந்த இரண்டு முறையும் அவர்கள் எனக்குக் காட்டிக்கொள்ளவே இல்லை.